கேளுங்கள், எழுதுகிறேன்: போனுக்குக் கதை சொல்லலாமா?

போன இதழில் "வாயால் சொல்லி எழுதுகிறவர்களும் எழுத ஆசைப்படுகிறவர்களும் கேள்வி அனுப்புங்கள்" என்று பக்கத்தின் அடியில் ஒரு வரி போட்டிருந்தேன். கடிதத்தை விட வட்ஸ்அப் குரல் செய்திகள்தான் கூட வந்தன. பொருத்தம்தான். எல்லாவற்றையும் கேட்டு, சிலதைச் சுருக்கி இங்கே தருகிறேன். புதிதாக வாசிக்கிறவர்களுக்கு: நான் திருகோணமலைக்காரி, நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள், கதை எழுதுகிறவள். வேலைக்காலம் முழுக்க மற்றவர்கள் சொன்னதை நான் எழுதினேன். இப்போது விரல் மூட்டுகள் மறுக்கின்றன, நான் சொல்வதைப் போன் எழுதுகிறது.

அக்கா, நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். மெஷின் மிதிக்கும்போதுதான் எனக்குக் கதை ஓடும். எழுந்து போய்ப் பேனை எடுப்பதற்குள் போய்விடும். போனில் மைக்கை அழுத்திச் சொல்லிப் பார்த்தேன். பாதி எழுத்துத் தமிழாகவும் பாதி கண்டபடியும் வருகிறது. மாமியார் கதைப்பதைச் சொன்னால் அது செய்தி வாசிக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, நிலாவெளி

தங்கச்சி, முதலில் ஒரு சின்ன வேலை. விசைப்பலகையின் செற்றிங்ஸுக்குள் போய்க் குரல் தட்டச்சு மொழி எது என்று பாருங்கள். கூகுளின் குரல் தட்டச்சுக்குத் தமிழ் 2017 ஓகஸ்டில் வந்தது. மொழிப் பட்டியலில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தமிழ் தனித்தனியாக நிற்கும். எனக்குத் தெரிந்த பலருடைய போனில் 'தமிழ் (இந்தியா)' என்றே கிடக்கிறது, யாரும் மாற்றுவதில்லை. 'இலங்கை'யைத் தெரிவு செய்யுங்கள். கொஞ்சம் தேறும். அதற்காகப் பெரிய அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

அது உங்கள் மாமியாரைக் கேட்பதில்லை. வருகிற ஒலியை விநாடிக்கு நூறு துண்டு என்கிற மாதிரி நறுக்கும். ஒவ்வொரு துண்டிலும் என்ன ஒலி இருக்கக்கூடும் என்று மதிப்பிடும். பிறகு, இந்த ஒலிகளுக்கு எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு எழுதும். அந்தக் கணக்கை அது படித்தது மலையாகக் குவித்த எழுத்திலிருந்தும் ஒலிப்பதிவிலிருந்தும். அதற்குள் நிலாவெளி மாமியார்மார் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

உங்கள் கேள்வி வந்ததும் நானும் ஒரு வசனம் சொல்லிப் பார்த்தேன். "நான் அண்டைக்கே சொன்னனான், நீங்க கேக்கேல்ல." போன் எழுதியது: "நான் அன்றைக்கே சொன்ன நான் நீங்க கேட்கல." விஷயம் கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆளைத்தான் காணவில்லை. அந்தச் 'சொன்னனான்' ஒரு குத்தல். "அப்பவே தலையால் அடித்துக்கொண்டேன், யார் கேட்டீர்கள்" என்கிற முழு வழக்கும் அதற்குள் இருக்கிறது. போன் அதை இரண்டாக வெட்டி, நடுவில் இடம் விட்டு, பேசாமல் இருந்துவிட்டது.

எனக்கு இது பழகின விஷயம். சாட்சிக் கூண்டில் நின்று ஒரு அம்மா சொல்வார்: "அவர் நல்லாக் குடிச்சுப்போட்டு வந்தவர் ஐயா, வந்து... வந்து அந்தக் கதிரையில இருந்தவர்." பதிவில் ஏறுவது: "அவர் மதுபோதையில் வந்து கதிரையில் அமர்ந்தார்." வழக்குக்கு அது போதும். இரண்டாவது 'வந்து'வுக்கும் கதிரைக்கும் நடுவில் அந்த அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றதைச் சுருக்கெழுத்தில் போட இடமில்லை. சுருக்கெழுத்தின் வேலையும் அதில்லை. கதை எழுதுகிற உங்களுக்கு வேண்டியது அந்த இடம்தான். போனும் என்னைப் போல ஒரு நீதிமன்ற ஊழியர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். திக்கல், இழுவை, திரும்பச் சொன்னது எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமாகத் தரும். ஆகவே எதை அதனிடம் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் விடுவது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

நான் செய்வது இதுதான். நடந்ததைச் சொல்லும் பகுதியைக் குரல் தட்டச்சில் சொல்வேன்: யார் வந்தார், என்ன மழை, எந்தப் பக்கம் பஸ் திரும்பியது. ஆட்கள் கதைக்கும் இடம் வந்ததும் குரல் தட்டச்சை மூடிவிட்டு, போனில் இருக்கிற சாதாரண ஒலிப்பதிவைத் திறந்து அந்த வசனத்தைப் பேசி வைப்பேன். பிறகு அதைக் கேட்டு, என் கையால், ஒரு விரலால் என்றாலும், தட்டி ஏற்றுவேன். வசனம் கதையில் குறைந்த பங்குதான் இருக்கும், கை தாங்கும்.

இன்னொன்று, திரையைப் பார்க்காதீர்கள். பிழையான சொல் வந்ததும் கண் அதில் போய்க் குத்தி நிற்கும், வாய் அடைத்துவிடும். அதைவிட மோசம், கொஞ்ச நாளில் நீங்களே போனுக்குப் புரிகிற மாதிரிக் கதைக்கத் தொடங்கிவிடுவீர்கள். 'கேக்கேல்ல' என்று வாயில் வந்ததைக் 'கேட்கவில்லை' என்று திருத்திச் சொல்வீர்கள், அது சரியாக விழும், மனம் குளிரும். இப்படிச் சொல்லி எழுதின கதைகள் எனக்கு வாசிக்கக் கிடைத்திருக்கின்றன. ஒரு பிழை இல்லை, ஒரு மனிசரும் இல்லை. போனைக் குப்புற வைத்துவிட்டு உங்கள் அக்காவோ சிநேகிதியோ எதிரில் இருக்கிறதாக நினைத்து அவருக்குச் சொல்லுங்கள்.

மெஷின் மிதிக்கிற சத்தத்தில் அது தடுமாறும் என்பதையும் சொல்ல வேண்டும். நூல் கோக்கிற நேரம், பொத்தான் தைக்கிற நேரம் நல்லது. நிறுத்தக்குறியை மறந்துவிடுங்கள். என் போனில் 'முற்றுப்புள்ளி' என்று சொன்னால் 'முற்றுப்புள்ளி' என்றே எழுதி வைக்கிறது. எழுதி முடித்ததைச் சத்தமாக வாசித்து, மூச்சு நின்ற இடத்தில் புள்ளியைப் போடுங்கள்.

ஐயம் ஒன்று. எழுத்து என்பது கையும் மனமும் சேர்ந்து செய்யும் தவம். வாயால் உளறியதைக் கருவி தட்டித் தந்தால் அதற்கு இலக்கியம் என்று பெயரா? சோம்பேறித்தனத்துக்கு விஞ்ஞானப் போர்வை என்கிறேன்.
— ஓய்வு பெற்ற தமிழாசிரியர், உவர்மலை

ஐயா, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார், மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். பக்கத்தில் இருந்து எழுதியவர்களில் ஒருவர் உ. வே. சாமிநாதையர். பிள்ளையவர்களைச் சோம்பேறி என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா? அந்தகக்கவி வீரராகவ முதலியார் கண் தெரியாதவர். அவர் எந்தக் கையால் எழுதினார்?

உங்கள் கேள்வியில் நியாயமான பாதி ஒன்று இருக்கிறது, அதை விடக்கூடாது. சொல்லி எழுதினால் நடை மாறும். ஆங்கில நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் மணிக்கட்டு வலி தாங்காமல் 1897 முதல் தட்டச்சுக்காரரை வைத்துச் சொல்லி எழுதினார். அவருடைய பிற்கால வாக்கியங்கள் வளைந்து வளைந்து முடிவில்லாமல் போகும். சொல்லி எழுதியதுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். என் கதைகளிலும் வாக்கியம் நீண்டுவிட்டது, 'அப்புறம்' கூடிவிட்டது. பேனை பிடித்த காலத்தில் அடுத்த சொல்லை யோசிக்க ஒரு இடைவெளி தானாகக் கிடைக்கும். வாய்க்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால் சொன்னதை அச்செடுத்து, சிவப்புப் பேனையால் வெட்டுகிறேன். பாதிக்கு மேல் போய்விடும். உங்கள் தவம் அந்த இடத்தில் நடக்கிறது.

ரீச்சர், எங்கட வாப்பா கரைவலை இழுத்தவர். இப்ப வயது போய்விட்டது. வலை இழுக்கும்போது பாடின அம்பாப் பாட்டும் கடலில் நடந்த கதைகளும் நிறைய வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் போனில் பதிந்து, செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டு எழுத்தாக்கிப் புத்தகம் போட ஆசை. ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தேன், வாப்பா பாடாத வரிகள் எல்லாம் வந்தன. ஏன்?
— வாசகர், கிண்ணியா

தம்பி, நான் ரீச்சர் இல்லை, ஆனாலும் பரவாயில்லை.

பாட்டை முதலில் பார்ப்போம். இந்த மென்பொருள்கள் பேச்சைக் கேட்கப் பழகினவை. கரைவலைப் பாட்டில் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பின்பாட்டுப் பாடுவார்கள். இழுவைக்குத் தகுந்தபடி சொல் நீளும், உடையும், பாதியில் 'ஏலேலோ' வந்து விழும். பின்னால் அலை. இரண்டு குரல் ஒன்றின்மேல் ஒன்று ஏறினாலே மென்பொருள் திணறும், இத்தனைக்கு என்ன செய்யும்? பாட்டை அதனிடம் கொடுக்காதீர்கள். நீங்களே கேட்டு எழுதுங்கள். இரண்டு தரம் பதியுங்கள். ஒருமுறை வாப்பா பாடுகிறபடியே, இழுவையோடு. இன்னொருமுறை வீட்டுக்குள் இருந்து ஒவ்வொரு அடியையும் மெதுவாக, பேசுகிற மாதிரிச் சொல்லச் சொல்லுங்கள். முதலாவதில் தாளமும் இரண்டாவதில் சொல்லும் கிடைக்கும். தாளில் எழுதும்போது ஒரு இழுவைக்கு ஒரு வரி என்று உடைத்தால் வாசிக்கிறவர் தோளுக்கும் அது தெரியும்.

பாடாத வரி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் கொஞ்சம் பயங்கரமானது. நீங்கள் எந்த மென்பொருளைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதவில்லை. பலர் பயன்படுத்துவது விஸ்பர், அல்லது அதன்மேல் கட்டின ஏதாவது ஒன்று. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்டது. 6 லட்சத்து 80 ஆயிரம் மணி நேர ஒலியைக் கேட்டுப் படித்தது, தமிழும் தெரியும். ஆனால் பேச்சில்லாத இடத்தில், நீண்ட மௌனத்தில், இரைச்சலில், அது சும்மா இருக்காது. ஏதாவது வர வேண்டுமே என்று தானாக ஒரு வசனத்தை இட்டு நிரப்பிவிடும். 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். மூளைப் பாதிப்பால் பேச்சுத் தடைப்பட்டு, நிறுத்தி நிறுத்திக் கதைக்கிறவர்களின் பதிவுகளில் இந்த இட்டுக்கட்டல் கூடுதலாக இருந்தது என்று கண்டார்கள்.

வயது போனவர்கள் கதை சொல்கிற விதத்தை யோசித்துப் பாருங்கள். "அப்ப காத்து மாறிட்டு..." என்று சொல்லிவிட்டு வாப்பா வெற்றிலையை எடுப்பார். காம்பைக் கிள்ளுவார், சுண்ணாம்பைத் தடவுவார், மடிப்பார். கேட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்கு அந்த நேரம் முழுக்கத் தோணி கவிழப்போகிற பயம். மென்பொருளுக்கு அது வெறும் வெற்றிடம், தனக்குத் தெரிந்த வசனத்தைப் போட்டு மூடிவிடும். நாளைக்கு உங்கள் மகன் அந்த எழுத்தை வாசித்தால், மூத்தாப்பா அப்படிச் சொன்னார் என்றே நம்புவான்.

ஆகவே மென்பொருளை அடியோடு விட வேண்டாம், ஆனால் அதை முதல் வரைவுக்கு மட்டும் வையுங்கள். ஒலிப்பதிவுதான் மூலம். பத்துப் பத்து நிமிடமாக நறுக்கி, எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒலியைக் கேளுங்கள். வாப்பா நிறுத்தின இடத்தில் எல்லாம் ஒரு கோடு போடுங்கள். 'வெற்றிலை மடிக்கிறார்' என்று ஓரத்தில் எழுதுங்கள். மூலப் பதிவைப் போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள், ஒரு பிரதியைக் கணினியிலும் இன்னொன்றை ஒரு உறவினர் வீட்டிலும் வையுங்கள். கிண்ணியாப் பேச்சை எழுதும்போது 'பொறகு' என்று வாப்பா சொன்னால் 'பொறகு' என்றே எழுதுங்கள். 'பிறகு' என்று திருத்துகிற ஆசிரியர் அகப்பட்டால் உறுதியாக நில்லுங்கள். புத்தகம் போடப்போவதை வாப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி, எந்தக் கதையை வெளியே சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடலில் நடந்தது எல்லாம் ஊருக்குச் சொல்கிறதற்கு இல்லை.

ஊர்ப் பெடியன்களுக்கும் ஒரு செய்தி: மொஸில்லா நிறுவனம் 2017இல் தொடங்கிய 'கொமன் வொய்ஸ்' என்ற திட்டத்தில் யாரும் தங்கள் குரலைக் கொடுக்கலாம், தமிழும் அதில் இருக்கிறது. திரையில் வரும் வசனத்தை வாசித்துப் பதிய வேண்டியதுதான். கிண்ணியா, மூதூர், தோப்பூர்க் குரல்கள் அங்கே சேராமல் இருந்தால் நம் பேச்சு எந்தக் கருவிக்கும் பிடிபடாது.

அன்ரி, நான் கவிதை எழுதுகிறேன். 'கன்னியா வெந்நீர்க் கிணறு' என்று போனுக்குச் சொன்னேன், 'கன்னியா கண்ணீர்க் கிணறு' என்று எழுதியது. உடம்பு சிலிர்த்துவிட்டது! இப்படிப் போன் பிழையாகக் கேட்பதையெல்லாம் சேர்த்து ஒரு தொகுப்புப் போடலாம் என்று இருக்கிறேன். உங்கள் கருத்து?
— வாசகி, திருகோணமலை நகரம்

சிலிர்த்தது சரி மகள். கொஞ்சம் ஆறவிட்டுப் பாருங்கள். போன் ஏன் கண்ணீரைத் தேர்ந்தது? வெந்நீரை விடக் கண்ணீர் அது படித்த எழுத்தில் பலமடங்கு அதிகம் வந்திருக்கும். அதாவது ஆயிரம் கவிதையில் வந்த சொல்லை எடுத்து உங்களிடம் நீட்டியிருக்கிறது. போன் பைத்தியக்காரத்தனமாக எதையோ உளறுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது மிகவும் பழகின பாதையில் போகிறது. இராவணன் தாயின் ஈமக்கிரியைக்காக அந்த ஏழு கிணறுகளையும் உண்டாக்கினான் என்று ஐதீகம் ஏற்கெனவே இருக்கிற இடத்தில் கண்ணீரைச் சொல்வது புதிதும் இல்லை. நான் என்றால் வெந்நீரை வைத்துக்கொள்வேன். ஏழு கிணற்றிலும் சூடு ஒரே மாதிரி இல்லை, ஒன்றிலிருந்து மற்றதுக்கு வாளி மாறும்போது தோல் துள்ளுமே, அதை எழுதுங்கள். போனுக்கு அது தெரியாது.

தொகுப்பு வேண்டாம். பிழைகளை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். என்றாவது ஒன்று, நீங்கள் சொல்ல நினைத்ததை விட நல்லதாக வரும். அதை வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள், போன் தந்தது என்று அடிக்குறிப்புப் போடத் தேவையில்லை.

பேச்சைக் கேட்டு எழுதும் கருவியை எப்போது கண்டுபிடித்தார்கள்? பாடசாலைக் கட்டுரைக்கு வேண்டும்.
— மாணவி, மூதூர்

1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 'ஓட்ரி' என்ற இயந்திரம் எண்களை மட்டும் கேட்டு அறிந்தது. 1962இல் ஐபிஎம் காட்டிய 'ஷூபொக்ஸ்' 16 சொற்களை அறிந்தது. 1976இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'ஹார்ப்பி' ஏறக்குறைய ஆயிரம் சொற்களுக்குப் போனது. அங்கே இந்தத் துறையை வளர்த்த ராஜ் ரெட்டி ஆந்திராவில் பிறந்து சென்னைக் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், 1994இல் கணினித்துறையின் உயர்ந்த விருதான டியூரிங் விருது பெற்றார். 1990இல் கடைக்கு வந்த 'டிராகன்' மென்பொருளுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு நிறுத்தி, நிறுத்தி, இப்படிக் கதைக்க வேண்டும். இயல்பாகக் கதைப்பதை எழுதும் பதிப்பு 1997இல் வந்தது. கட்டுரையை உங்கள் சொந்த வசனத்தில் எழுதுங்கள் மகள், இதைப் பார்த்து அப்படியே எழுதாதீர்கள். உங்கள் ஆசிரியரும் இந்தப் பக்கம் வாசிக்கிறவர்தான்.

நான் சொல்கிற கதை எங்கே போகிறது? யாராவது கேட்பார்களா?
— வாசகர், தம்பலகாமம்

பல போன்களில் குரல் இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிக்குப் போய்த்தான் எழுத்தாகத் திரும்புகிறது. கூகுள் கணக்கில் குரல், ஒலிச் செயல்பாடுகளைச் சேமிக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது, அதை நிறுத்தி வைக்கலாம். விஸ்பரைச் சொந்தக் கணினியில் இறக்கி, இணையமே இல்லாமல் ஓடவிடலாம், கணினி தெரிந்த பிள்ளை ஒருவரின் உதவி வேண்டும். குடும்பச் சண்டை, காணி வழக்கு, மற்றவர் வீட்டு ரகசியம் இவற்றைப் போனுக்குச் சொல்லாமல் கையால் எழுதுங்கள். நீதிமன்றத்தில் இருந்தவள் சொல்கிறேன்.

எந்த மைக் வாங்கலாம்?
— மூன்று நான்கு பேர் கேட்டது

எதுவும் வாங்க வேண்டாம். வயர் உள்ள சாதாரண இயர்போன் போதும். மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் கன்னத்துப் பக்கம் பிடியுங்கள், 'ப' வரும்போது மூச்சு அதில் அடிக்காது. ஃபானை நிறுத்துங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடற்கரையில் நின்று சொல்ல முயலாதீர்கள், காற்றைத்தான் எழுதும். கோயில் திருவிழா நாட்களில் போனுக்குச் சொல்வதையே விட்டுவிட்டுப் பேனையை எடுங்கள்.

குரல் செய்தி அனுப்புகிறவர்கள் பெயரையும் ஊரையும் முதலில் சொல்லிவிடுங்கள். இந்த முறை இரண்டு பேர் கேள்வியின் நடுவில் பஸ் ஏறிவிட்டார்கள். கொண்டக்டர் மிச்சக் காசு கொடுத்தது தெளிவாகக் கேட்டது, கேள்வி கேட்கவில்லை.